லாத்தாவின் பங்கு

அந்த டாக்டருக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்த நண்டுகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. சாதாரண நண்டு கிடையாது. பழவேற்காடு ஏரியின் பச்சை நண்டு. ஒன்றைத் தூக்கி வைத்தால் உள்ளங்கை மறைந்துவிடும். கொடுக்கைச் சணலால் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, படகிலும் பஸ்ஸிலும் ரயிலிலும் மடியில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் வரை போவேன். முடியெல்லாம் கொட்டிப்போன தலையில் முக்காடு, மடியில் உயிரோடு அசையும் சாக்கு. ரயிலில் என் பக்கத்தில் உட்கார ஒருவரும் வரமாட்டார்கள். டாக்டர் அந்தச் சாக்கை வாங்கும்போது சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே அடுத்த தடவையும் எடுத்துப் போவேன்.

இது எண்பதுகளில் நடந்தது. அப்போது நான் ஏரிக்கரைத் தோணிரேவு ஊரில் பால்வாடி டீச்சர். பத்தாவது வரை படித்தவள் என்று எங்கள் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு, எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. வீட்டுக்காரர் ஏரியில் வலை போடுகிறவர். எனக்கு இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. கொட்டைப் பாக்கு அளவுதான் இருந்தது, வலியும் இல்லை. யாரிடம் சொல்வது என்று வெட்கப்பட்டுக்கொண்டே நாளைக் கடத்தினேன். கடைசியில் மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மார்பையே எடுத்துவிட்டார்கள். எடுத்ததோடு முடியவில்லை. மிச்சம் மீதி எங்காவது ஒளிந்திருந்தால் அதைக் கொல்ல ஊசி போட வேண்டும், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வா என்றார்கள்.

அந்த ஊசியைப் பற்றி எனக்குப் புரியும்படி சொன்னவர் இந்த டாக்டர்தான். மற்றவர்கள் சீட்டை எழுதிக் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்.

"இங்க பாரும்மா, இந்த மருந்துக்குக் கண் கிடையாது. கெட்ட செல்லைக் கொல்லும், நல்ல செல்லையும் சேர்த்துத்தான் கொல்லும். ரத்தத்துல வெள்ளை அணுன்னு ஒண்ணு இருக்கு. உடம்புக்கு அதுதான் காவல். அதுதான் முதல்ல அடிபடும். அது ரொம்பக் குறைஞ்சிட்டா அடுத்த ஊசி போட முடியாது, தள்ளிப் போடணும். தள்ளிப் போட்டா வியாதிக்குக் கொண்டாட்டம்."

"அப்போ இன்னா டாக்டர் பண்றது?"

"உங்க ஊர்ல படகுக்கு எண்ணெய் பூசுவீங்க இல்ல?"

பூசுவோம். லைட்ஹவுஸ் குப்பத்தில் சுறா ஈரலைக் காய்ச்சி எடுக்கிற எண்ணெய். அந்த நாற்றம் மூக்கில் ஏறினால் இரண்டு நாள் சோறு இறங்காது. ஆனால் பூசாவிட்டால் உப்புத் தண்ணீர் மரத்தையும் தின்னும், ஆணியையும் தின்னும்.

"அந்த மாதிரிதான். இந்த ஊசி போடறப்ப உடம்புக்குள்ள துருப் பிடிக்கிற மாதிரி ஒண்ணு நடக்குது. நல்ல அணுவெல்லாம் அதுல அரிச்சுப் போகுது. அது துருப் பிடிக்காம இருக்க ஒரு மாத்திரை தரேன். வைட்டமின்தான், பயப்படாத. தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கோ. நீ படிச்சவ, உனக்குப் புரியும்."

சிவப்பு நிறக் கூட்டுக்குள் தூள் அடைத்த மாத்திரை. கண்ணாடி பாட்டிலின் மூடியில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி எண் போட்டிருந்தது, ரேஷன் கடை டோக்கன் மாதிரி. அவரவர் பாட்டில் அவரவருக்குத்தான், யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். எந்த மருந்துக்கும் அப்படித்தானே சொல்வார்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஊருக்கு வந்ததும் அந்தப் பாட்டிலைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மாத்திரையை விழுங்குவதற்கு முன்னால் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அவ்வளவு நம்பிக்கை.

லாத்தாவை அந்த ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன். ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுக்கிற வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "இங்க எல்லாருக்கும் மொட்டதான், எதுக்கு மறைக்கிறதுன்னே தெரியல" என்று சொல்லித் தானே சிரித்தார். பேச்சிலேயே எங்கள் பக்கம் என்று தெரிந்துவிட்டது. பழவேற்காட்டில் ஜவுளிக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். எனக்கும் அவருக்கும் ஒரே வியாதி, ஒரே ஊசி, ஒரே டாக்டர், ஒரே சிவப்பு மாத்திரை. அவர்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்பார்கள். என்னைவிட மூத்தவர் என்பதால் நானும் லாத்தா என்றே கூப்பிட்டேன். அவர் என்னை டீச்சரு என்பார். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

அதற்குப் பிறகு ஒன்றாகவே போய்வந்தோம். நான் தோணிரேவிலிருந்து படகில் வந்து பழவேற்காட்டில் இறங்குவேன். பஸ் நிற்கும் இடத்தில், டீக்கடைக்காரரின் கூரை நிழலில் லாத்தா பையோடு நிற்பார். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில். போகும்போது பேச்சும் சிரிப்புமாகப் போவோம். வரும்போது இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டு வருவோம். லாத்தாவின் மூத்த மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. ஊசியெல்லாம் போட்டு முடித்துவிட்டு நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். அந்த நிக்காஹில் நிற்க வேண்டும் என்பதுதான் லாத்தாவின் ஒரே பேச்சு. "முடி வளந்துடுமா டீச்சரு அதுக்குள்ள?" என்று கேட்பார்.

மூன்றாவது தடவை போனபோது லாத்தாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெள்ளை அணு போதவில்லையாம், ஊசி கிடையாது, அடுத்த வாரம் வா என்றார்கள். என்னுடைய ரத்தத்தில் போதுமான அளவு இருந்தது, எனக்கு ஊசி போட்டார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தும் லாத்தாவுக்கு அணு ஏறவில்லை. அதற்கும் அடுத்த வாரம்தான் அவருக்கு ஊசி போட்டார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு காரியம் செய்தோம். அது எங்கள் பக்கத்துச் சனங்களுக்குத்தான் தோன்றும். அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஏரியில் மீன் பிடிக்கிற முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்தவர் வலை போட முடியாது. நல்ல மீன் படுகிற இடங்களைப் பாடு என்போம். எந்தப் பாடு யாருக்கு, யாருக்கு எப்போது முறை என்பதை ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். எல்லா வீட்டு ஆண்களும் அங்கே இருக்க வேண்டும். அவனவன் சீட்டை அவனவன் கைதான் எடுக்க வேண்டும். எழுபதுகளில் நான் கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் விஷ ஜுரத்தில் கிடந்தார். எழுந்து நிற்க முடியாது. பரவாயில்லை, அவருக்கு யாராவது எடுக்கட்டும் என்று வீட்டில் சொல்லி அனுப்பினோம். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. நாலு பேர் வந்து கட்டிலோடு தூக்கிப்போனார்கள். நாங்கள் பெண்களெல்லாம் தூர நின்று பார்த்தோம். மாமனாரின் கையைப் பிடித்துச் சீட்டுப் பானைக்குள் விட்டார்கள். அவர் எடுத்தது சேறு மண்டிக்கிடந்த இடம், ஏரியிலேயே மட்டமான பாடு. அதைப் பார்த்துவிட்டு, "சரி, என் கைதானே எடுத்துச்சு" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த சீட்டு வரைக்கும், அந்த முறை முழுக்க, வீட்டில் ஒருத்தரும் அதைப் பற்றி முணுமுணுக்கவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. இரண்டு பேர் சேர்ந்து போனால், யார் வலையில் பட்டது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டிச் சரிபாதி பங்கு போடுவோம். நடுவில் ஒருத்தன் செத்துப்போனாலும் அந்த முறை முடிகிற வரைக்கும் அவன் பங்கு அவன் வீட்டுக்குப் போகும்.

ஆக, அடுத்த தடவை புது பாட்டில்களை வாங்கிக்கொண்டு வரும்போது, ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் லாத்தா என் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் பாட்டில்ல பரக்கத்து இருக்கு டீச்சரு. உனக்கு மட்டும் அணு எறங்கவே மாட்டேங்குது பாரு."

"ரெண்டும் ஒரே மாத்திரதான் லாத்தா."

"இருக்கலாம். உன் கை பட்டது எனக்கும் ரெண்டு குடேன்."

"ரெண்டு எதுக்கு? கொட்டு, பங்கு போட்டுக்கலாம்."

பெஞ்சில் என் முந்தானையை விரித்து இரண்டு பாட்டிலையும் கொட்டினோம். சிவப்பாக ஒரே குவியல். நன்றாகக் கலைத்துவிட்டு, உனக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று பிரித்தோம். என் பங்கை நான் பாட்டிலிலேயே போட்டுக்கொண்டேன். லாத்தா கையில் வைத்திருந்த சின்ன எவர்சில்வர் சம்புடத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஒரு ஆள், இதென்ன விளையாட்டு என்பதுபோல் பார்த்தார். அன்றைக்கு லாத்தாவின் முகத்தில் இருந்த தெம்பை நான் மறக்கவே மாட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அதே பெஞ்சு, அதே முந்தானை.

லாத்தா பிஸ்மி சொல்லித்தான் ஒவ்வொரு மாத்திரையையும் வாயில் போடுவார். நான் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். யார் சாமி பெரிய சாமி என்று இரண்டு பேரும் சண்டை போட்டுச் சிரிப்போம்.

அவருக்கு ஒரு தடவை அணு ஏறியது, அடுத்த தடவை இறங்கியது. ஊசி தள்ளிக்கொண்டே போனது. எனக்கும் கொஞ்சம் இறங்கியது, ஆனால் ஊசி நிற்கவில்லை. பிறகு ஒருநாள் நான் படகிலிருந்து இறங்கிப் பஸ்ஸுக்கு வந்தபோது கடைக்காரரின் கூரை நிழலில் லாத்தா இல்லை. பஸ் கிளம்பப் போகிறது என்று பதறிக்கொண்டு டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"உனுக்குத் தெரியாதாம்மா? ஜுரம் வந்து நெஞ்சுல சளி கட்டிகிச்சு. மெட்ராஸ் இட்டுனு போறதுக்குள்ள பொன்னேரியிலயே மவுத்தாப்பூட்டாங்க. மண்ணு போட்டு நாலு நாளாவுது."

நான் பஸ்ஸில் ஏறினேன். வேறு என்ன செய்ய? என் ஊசிக்கு நாள் அது. டாக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று அப்போதும் நினைத்தேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுகிற அன்றைக்கு லாத்தா வீட்டுக்குப் போனேன். நெய்ச்சோறு போட்டார்கள். கிளம்பும்போது அந்த மூத்த மகள் எவர்சில்வர் சம்புடத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மிச்ச மாத்தர இருக்குது மாமி. நீங்க ரெண்டு பேரும் பங்கு போட்டு வச்சிகிட்டதுனு உம்மா சொல்வாங்க. உங்களுக்குத்தான் குடுக்கணும்."

படகில் உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். மூடி முன்பே சரியாக மூடியிருக்கவில்லை போலிருக்கிறது, உள்ளே எறும்பு. உதறிவிட்டுப் பார்த்தேன். மாத்திரையில் பாதி, ஏரிக் காற்றின் ஈரத்தில் இளகி, ஓட்டை விழுந்து, வெறும் சிவப்புத் தோலாகக் கிடந்தது. மீதிப் பாதி அப்படியே இருந்தது. அதே டப்பா, அதே ஈரம், அதே எறும்பு. ஆனால் ஒன்றைத் தின்று தீர்த்துவிட்டு அதன் மேலேயே கிடந்த இன்னொன்றைத் தொடக்கூட இல்லை. முழுசாக இருந்த ஒன்றை உடைத்தேன். ஈரத்தில் பிசுபிசுத்த மஞ்சள் தூள், நாக்கில் வைத்தால் கசப்பு. ஓட்டை விழுந்ததன் அடியில் ஒட்டியிருந்ததை நக்கிப் பார்த்தேன். சர்க்கரை.

படகு ஓட்டியவர், "இன்னாம்மே, மொகம் ஒரு மாதிரி ஆயிட்ச்சு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

மருந்துக் கடைக்காரன் எவனோ கலப்படம் செய்து டாக்டரை ஏமாற்றிவிட்டான் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பாவம் அந்த மனுஷன், இதை உடனே அவரிடம் சொல்ல வேண்டும் என்று அடுத்த ஊசிக்குப் போகிற நாளுக்காகத் தவித்துக்கொண்டிருந்தேன். நண்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

சம்புடத்தைத் திறந்து மேஜை மேல் வைத்தேன்.

"டாக்டர், இத பாருங்க. யாரோ உங்கள ஏமாத்திகினு கீறாங்க. பாதி மாத்திர சக்கர."

அவர் பதறவில்லை. சம்புடத்துக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரெண்டும் எப்படி ஒரே டப்பாவுல வந்துச்சு? கலந்துட்டீங்களா?"

"ஆமா டாக்டர். நானும் லாத்தாவும் பங்கு போட்டுகினோம்."

"எப்பலேர்ந்து?"

"லாத்தாவுக்கு ஊசி தள்ளிப் போட்டீங்களே, அதுக்கு அடுத்த பாட்டில்லேர்ந்து."

அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டே? அவங்கவங்க பாட்டில் அவங்கவங்களுக்குன்னு சொன்னோமே. படிச்சவன்னு உன்னை நம்பினேன். என் ஒன்றரை வருஷ வேலைம்மா."

அப்போதுதான் எனக்கு உறைக்க ஆரம்பித்தது. இருந்தாலும் அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்று நின்றேன்.

அவர் பொறுமையாகவே விளக்கினார், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். இந்த வைட்டமின் வெள்ளை அணுவைக் காப்பாற்றுமா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாதாம். காப்பாற்றினாலும் நல்ல அணுவோடு சேர்த்து வியாதி அணுவையும் காப்பாற்றிவிடுமோ என்று ஒரு பயம் உண்டாம். ஆகவே பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி சர்க்கரை. கடைசியில் இரண்டு பக்கத்தையும் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அதனால் பின்னால் வருகிற ஆயிரம் பேருக்கு நல்லது.

"யாருக்கு மருந்து, யாருக்கு சக்கரன்னு எப்டி பிரிச்சீங்க?"

"சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரிதான். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியக் கூடாது. தெரிஞ்சா என் மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும் இல்லையா? அதான் நியாயமான முறை."

"சீட்டு யாரு எடுத்தா?"

"யாரு எடுத்தா என்னம்மா? அது ஒரு வழிமுறை."

"நான் அங்க இல்லியே டாக்டர்."

"நீ இருக்க வேண்டியதில்ல."

"லாத்தா இருந்தாங்களா?"

"யாருமே இருக்க வேண்டியதில்லம்மா, உனக்குப் புரியல."

எனக்கு நன்றாகப் புரிந்தது. ஜுரத்தில் கிடந்த மாமனாரைக் கட்டிலோடு தூக்கிப்போன ஊர் என் கண் முன்னால் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத சனங்கள். நடக்க முடியாதவன் என்பதற்காக அவன் சீட்டை இன்னொருவன் எடுக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"மொதல்லயே எங்க கையில சொல்லியிருந்தா இன்னா டாக்டர்?"

"சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்க."

இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? அறையில் இருந்த நர்ஸ் ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள்.

"ஒத்துக்க மாட்டோமா? எங்க சோறே சீட்டுல வர்ற சோறு டாக்டர்! கெட்ட பாடு வந்தா வாய மூடிகினு அதுலயே வலை போடுவோம். எடுத்தது எங்க கை. நீங்க கேட்டிருந்தா நானும் லாத்தாவும் வந்து எங்க கையால எடுத்திருப்போம். சக்கர வந்திருந்தா சக்கரயே துன்னுட்டு இருந்திருப்போம். கேக்கவே இல்லியே. சாமி படத்தாண்ட வச்சுக் கும்பிட்டனே அத!"

அவர் சம்புடத்தை மூடி என் கையில் கொடுத்தார். "உனக்கும் அந்தம்மாவுக்கும் யாருக்கு எது வந்துச்சுன்னு வேணும்னா கேட்டுச் சொல்றேன்" என்றார்.

ஒரு நிமிஷம் ஆசை வந்தது. லாத்தாவுக்கு வந்தது மருந்தென்றால், அவர் கையிலிருந்த நல்லதில் பாதியை நான் வாங்கிக்கொண்டேன். சர்க்கரையென்றால், என்னுடையதில் பாதியை அவர் வாங்கிக்கொண்டார். எது என்றாலும் அந்தப் பெஞ்சில் நாங்கள் சரிபாதியாகத்தான் பிரித்தோம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்த மனுஷன் முகத்திலேயே முழிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு இன்னும் ஊசி பாக்கி இருந்தது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த ஊசியைப் போடுவது அவர்தான். என்னை ஏமாற்றியவரிடமே திரும்பிப் போய்க் கையை நீட்ட வேண்டும். இதைவிடக் கேவலம் ஒரு மனுஷிக்கு உண்டா? உள்ளே போனேன், கையை நீட்டினேன். அவர் ஊசி போட்டுவிட்டு, மூடியில் எண் ஒட்டாத ஒரு பாட்டிலை என் பக்கம் தள்ளினார்.

"இது அசல் மருந்துதான். நான் சத்தியம் பண்றேன். உனக்கு இனிமே இதுதான்."

நல்லதா கெட்டதா என்று தனக்கே தெரியாது என்று இப்போதுதான் சொன்னார். அதற்குச் சத்தியம் வேறு. வாங்கிக்கொண்டேன். அன்றைக்குக் கொண்டுபோன நண்டுச் சாக்கு அவர் மேஜைக்கு அடியிலேயே நின்றுவிட்டது. திருப்பி எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சமையல் மூலையில் வெல்ல டப்பாவைச் சுற்றி எறும்பு ஊர்கிற இடத்தில் ஒரு தட்டை வைத்தேன். புது பாட்டிலிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்துக் கொட்டிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் வலையைப் போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். நடந்ததை அவருக்குச் சொல்லியிருந்தேன்.

"ஏமே, டாக்டர் சொன்னத எறும்புகிட்ட கேட்டுகினுகீறியா?"

"ஆமா. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எறும்புகள் தட்டில் ஏறின, மஞ்சள் தூளைச் சுற்றி வந்தன, வெல்ல டப்பாவுக்கே திரும்பிப் போய்விட்டன. மருந்துதான். இந்தத் தடவை டாக்டர் பொய் சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இதே பாட்டிலை முதல் நாளிலேயே கொடுத்திருக்கலாமே என்றுதான் அழுகை வந்தது.

பாட்டிலை முந்தானையில் கொட்டினேன். எனக்கு ஒன்று, லாத்தாவுக்கு ஒன்று என்று பாதிக்கு மேல் பிரித்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். நான் நிறுத்தவில்லை. கடைசி மாத்திரை வரை பிரித்தேன். என் பங்கைப் பாட்டிலில் போட்டேன். லாத்தாவின் பங்கை அவருடைய சம்புடத்தைக் கழுவித் துடைத்து அதில் போட்டு, இந்தத் தடவை மூடியை அழுத்தி மூடினேன். செத்தவர் பங்கு வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் அந்த வீட்டில் இந்த மாத்திரையைத் தின்ன யாரும் இல்லை, இருக்கவும் கூடாது. யாரிடம் கொடுப்பது என்று மூன்று வாரமும் யோசித்தேன்.

அடுத்த ஊசிக்குப் போனபோது மடியில் சாக்கு இல்லை. சம்புடத்தை மட்டும் ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தேன். பஸ் நிற்கும் இடத்தில் கடைக்காரரின் கூரைப் பக்கம் நான் பார்க்கவில்லை. ரயிலில் என் பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார்.

டாக்டர் என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். போன தடவை நடந்ததை அவர் மறந்துவிட்டாரா, நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாரா தெரியாது. மேஜையில் துணி முடிச்சைப் பார்த்ததும் அதே சின்னப் பிள்ளைச் சிரிப்பு.

"என்னம்மா, நண்டா?"

"இல்ல டாக்டர். லாத்தா பங்கு. அவங்க சீட்ட எடுத்தது நீங்கதானே, நீங்களே வச்சிக்குங்க."

அவர் முடிச்சை அவிழ்த்துச் சம்புடத்தின் மூடியைத் திறந்தார். சிவப்பாக, முழுசாக, ஒரு ஓட்டைகூட இல்லாமல் இருந்தன. அவர் தலை நிமிரவே இல்லை. நான் ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டு, ஊசிக்குக் கையை நீட்டினேன்.